பதினேழாம் எண் பொறி

அந்த அறையில், மனிதத் தலை இல்லாத ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

காலையில் பிடித்த மழை இன்னும் பிடியை விடவில்லை. மூன்று மணிக்கே வெளிச்சம் செத்துவிட்டது. தேநீர் குடிக்கப் போனவள் திரும்பி வந்து கதவைத் தள்ளினால்... ஜன்னலோரம், அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் அந்த உருவம். இரண்டு பெரிய வட்டக் கண்ணாடிக் கண்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ஒரு குழல். கழுத்திலிருந்து கால்வரை சாம்பல் நிறம். சத்தமே இல்லாமல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

அவள் கத்தவில்லை. ஊசி குத்திய நாற்பதாயிரம் பூச்சிகளோடு தினமும் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பவள். சுலபத்தில் கத்துகிற ரகம் இல்லை.

"யாருங்க நீங்க? என் மேசைகிட்ட என்ன வேலை?"

"பூச்சிமருந்து கம்பெனிங்க." பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். "இடுக்குல பவுடர் போட வந்தேன். முகமூடி... பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா?"

சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. பதினோரு நாளாகப் புள்ளி புள்ளியாக மை வைத்து வரைந்த படத்தின் மேல் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. கருத்த உடம்பு, சிவந்த வயிறு, நூல் நூலாகக் கால்கள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி, யோசித்து, வைத்தது. கையில் கிடைத்த தடித்த கோப்பைத் தூக்கி ஒரே போடு போட்டாள்.

கோப்பு பூச்சிமேல் விழவில்லை. இடையில் நீட்டிய உறைபோட்ட கையின்மேல் விழுந்தது.

"அடிக்காதீங்க."

"கையை எடுங்க. அது என் படத்து மேல நடக்குது."

"நடக்கட்டுமே. அது அதோட படம்தானே."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பூச்சியின் முன்னால் வைத்தான். பூச்சி அட்டையில் ஏறியது. கீழே இறங்கும் மாடிப்படியைத் தேடுகிற கிழவன் மாதிரி நின்று யோசித்தது. அதை அப்படியே ஜன்னல் திரையில் கொண்டுபோய் விட்டான்.

"நீங்க பதினோரு நாளா வரையறது சக்கரப் பூச்சி. இது அதோட குட்டி. இன்னும் முதுகுல சக்கரம் முளைக்கல, அவ்வளவுதான்."

அவள் முகம் சூடேறியது. பதினோரு நாளாக எதை வரைகிறாளோ அதையே அடிக்கப் போயிருக்கிறாள். அதைவிட...

"பதினோரு நாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலையில பொறி பார்க்க வருவேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி. நேத்து எத்தனை புள்ளி வச்சிருக்கீங்கன்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போவேன்."

முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அப்படியானால் அந்த நாற்காலி... சில நாள் காலையில் லேசாக இடம் மாறியிருக்குமே. தன் பிரமை என்றல்லவா இருந்தாள்.

"நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். எனக்குப் பூச்சியப் பத்திப் பாடம் எடுக்காதீங்க. உங்க வேலையைப் பார்த்துட்டுப் போங்க."

"சரிங்க மேடம்." மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனவன் நின்றான். கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. அந்த அறையில் உயிரோடு இருந்த கண்கள் அவைதான். சலனமில்லாத, கறுத்த, ஆழமான கண்கள்... மழைத்தண்ணீர் நிறைந்த கிணற்றை எட்டிப்பார்த்தது போல ஒரு நொடி இருந்தது அவளுக்கு.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. தலைதான்..."

"தலைக்கு என்ன?"

"அந்தத் தலை அதோடது இல்ல. வேற யாரோடதோ."

போய்விட்டான்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவு அது. சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக, ஒரே திசையைப் பார்த்தபடி, ஊசியில் நிற்கும் பூச்சிகள். இழுப்பறையைத் திறந்தால் உள்ளே நுழையும் காற்றில் அத்தனை உணர்கொம்புகளும் ஒரு முறை நடுங்கி அடங்கும். பார்க்கிறவனுக்கு அவை இப்போதுதான் மூச்சை விட்ட மாதிரி இருக்கும். சேர்ந்த முதல் வாரம் அவள் ஒவ்வொரு இழுப்பறையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தாள். பிறகு பழகிவிட்டது.

அந்தச் செத்த பூச்சிகளைத் தின்னும் வண்டு ஒன்று அலமாரிகளில் புகுந்துவிட்டது. அதனால்தான் மருந்துக் கம்பெனி. நாற்பது இடங்களில் பசை தடவிய அட்டைப் பொறிகள். வெள்ளிக்கிழமை கட்டடத்தையே மூடிப் புகை போடப் போகிறார்கள்.

அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான் கெடு. அருங்காட்சியகம் வெளியிடும் படநூலுக்கு முப்பத்தொன்றாம் படம் அவளுடையது. படத்தின் கீழே பொடி எழுத்தில் அவள் பெயர் வரும். அவள் வீட்டில் இதுவரை ஒருவர் பெயரும் எதிலும் அச்சானதில்லை. கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தன் கையெழுத்து. "புஸ்தகம் வந்ததும் எந்த இடம்னு காட்டு. தடவிப் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பொடி எழுத்துக்காக அவள் பதினோரு நாள் முதுகு ஒடிந்திருக்கிறாள்.

அதில் போய், தலை வேறு யாருடையதோவாம். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறான்... குழாய் வாயன்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே வந்து, தான் பார்த்து வரைந்த மாதிரிப் பூச்சியை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள். அந்த இனத்தில் அருங்காட்சியகத்திடம் இருப்பது அந்த ஒன்றுதான். நாற்பது வருடத்துக்கு முன்னால் பிரிவுத் தலைவரே ஊசி குத்தி வைத்தது. கழுத்தை இதுவரை அவள் மேலிருந்துதான் பார்த்திருந்தாள். இப்போது சாய்த்துப் பார்த்தாள்.

மயிரிழை அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு. காய்ந்த பசை.

பதினோரு நாளாக இந்த முகத்தோடுதான் முகம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் 'தலை நீண்டு குறுகியிருக்கும்' என்று படித்தபோது, இது குட்டையாக இருக்கிறதே என்று தோன்றத்தான் செய்தது. அவள் சந்தேகப்பட்டது புத்தகத்தை. தலைவரின் கையை அல்ல. ஓர் உடம்பின்மேல் இன்னொன்றின் தலை உட்கார்ந்துகொண்டு, நாற்பது வருடமாகப் பார்ப்பவர்களையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

எரிச்சலோடு குனிந்து, மேசைக்கடியில் இருந்த பொறியை இழுத்தாள். பதினேழாம் எண். பசையில் இரண்டு வண்டுகள். மேலே செருகிய அட்டையில் கட்டம் போட்டிருந்தது. பொறி எண், சிக்கியது, எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. 'வண்டு, இரண்டு' என்று கோணல் எழுத்து. அட்டையைத் திருப்பியவள் கையை உதறினாள்.

பின்பக்கம் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது.

இல்லை... வரைந்திருந்தது. சாதாரண நீலப் பேனா. இலையின் விளிம்பில் ஒரு குச்சிப்பூச்சி, காற்றில் ஆடுகிற மாதிரி, பாதி அடி எடுத்து வைத்த நிலையில். மீதி அடியை இப்போது வைத்துவிடும் என்று தோன்றியது. அடுத்த பொறியை இழுத்தாள். அதில், செத்த எறும்புகளை முதுகில் கோபுரமாக ஏற்றிக்கொண்டு போகும் ஒரு பூச்சி. அடுத்ததில் ஒரு தூசி உருண்டை. வெறும் தூசி. உற்றுப் பார்த்தால் தூசிக்கு ஆறு கால்.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய புள்ளிகளில் எந்தத் தவறும் கிடையாது. ஒவ்வொரு முடியும் அளந்து வைத்தது. ஆனாலும் இப்படி ஒன்றைக்கூட அவள் வரைந்ததில்லை.

"ஆறு கால் தூசி உங்களுக்குப் பின்னாடிதான் போகுது."

திடுக்கிட்டுத் திரும்பினாள். கதவருகே ஓர் இளைஞன். முகமூடி கையில் தொங்கியது. முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கண்கள். சுவரோரம் அவன் காட்டிய இடத்தில், ஒரு தூசித் துணுக்கு எழுந்து, நாலு அடி நடந்து, மறுபடி தூசியானது.

"உடம்பு முழுக்கத் தூசியப் பூசிக்கும். இரை பக்கத்துல வர்றவரைக்கும் அது தூசிதான்." சின்னக் குரலில் சொன்னான், அதன் காதில் விழுந்துவிடும் போல. "நீங்க இந்த அறையில தனியாவே இருந்ததில்ல."

"இப்படியெல்லாம் சொல்லித்தான் பொண்ணுங்களைப் பயமுறுத்துவீங்களா?"

"உங்களுக்குத்தான் பயமே கிடையாதே."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். "தலை... நீங்க சொன்னது சரி."

"தெரியும்."

"ரொம்பத் திமிருங்க உங்களுக்கு."

"நாளைக்கு மத்தியானம் திரையைப் பாருங்க" என்றான். "குட்டி வயிறு புடைச்சுத் தலைகீழாத் தொங்குது. தோலை உரிக்கப் போகுது. சரியான தலை வேணும்னா அதுகிட்டயே கேட்டுக்கலாம்."

புதன்கிழமை. மழை ஜன்னலில் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் தாளும் பென்சிலும்.

அசையாமல் தொங்கிய குட்டியின் முதுகில் ஒரு கோடு விழுந்தது. கோடு பிளந்தது. பிளவிலிருந்து, பச்சை ரணத்தின் நிறத்தில், ஈரமான ஒன்று மெல்ல மெல்ல வெளியே வழிந்தது. முதலில் முதுகு. பிறகு தலை... நீளமாக, ஒடுங்கி, பழைய முகத்துக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தது. பழைய முகம் திறந்த கண்களோடு திரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய கண்கள் அதைப் பார்த்தபடி பின்வாங்கின.

"அய்யோ" என்றாள், மூச்சுக்குள்ளேயே.

"வரைங்க. நிக்காது."

அவள் கை நடுங்கியது. நகர்கிற ஒன்றை அவள் வரைந்ததே இல்லை. கோடு கோணியது, ஓடியது, அழிந்தது. கையுறையைக் கழற்றுவது போல அது ஒவ்வொரு காலாக உருவியது. கசங்கிய துணியாக இருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. அதன் நடுவில் ஒரு பல் எழுந்தது... இன்னொன்று... இன்னொன்று. யாரோ உள்ளிருந்து ஒரு சக்கரத்தை உருட்டி மேலே தள்ளுகிற மாதிரி.

"ஒன்பது" என்று எண்ணி முடித்தான் அவன்.

மூன்று மணி நேரம். செக்கச்செவேலென்று இருந்தது கண்ணெதிரே கறுத்து, சாம்பலாகி, சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய இயந்திரத் துண்டு போல ஆனது. இடையில் இருவரும் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள்.

"கட்டைவிரல்ல என்ன தழும்பு?"

"இவங்க சொந்தக்காரர் ஒருத்தர் குத்தினது. ஆறு மாசம் விரல் மரத்துப் போச்சு."

"அப்புறமும் காப்பாத்தறீங்க?"

"தப்பு என்மேல. நான்தான் அழுத்திப் பிடிச்சேன்."

பத்தாவதோடு படிப்பு நின்றதாம். பன்னிரண்டு வருடமாகக் கொல்வதே தொழில். "ஒண்ணைக் கொல்லணும்னா அது எங்க தூங்குது, எப்ப பசிக்குது, எதுக்குப் பயப்படுதுன்னு எல்லாம் தெரியணும். அதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம்..."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. படித்த ஐந்து வருடத்தின் மேல் வந்தது. செத்ததன் காலில் எத்தனை கணு என்று மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அது எப்படி நடக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"இந்தப் பூச்சியில பொம்பளை கொஞ்சம் மோசங்க" என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. "சேர்ந்த கையோட சில சமயம் ஆம்பளையைச் சாப்பிட்டுடும்."

"சில சமயம்தானா?"

"பசி இருந்தா."

"எனக்கு இப்பவே பசிக்குது."

அவன் திரும்பிப் பார்த்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் சுட்டது. தாளில் குனிந்து, ஏற்கெனவே வரைந்த ஒரு காலை மறுபடி வரைந்தாள். அன்று அந்தப் பூச்சிக்கு ஏழு கால் ஆனது.

வியாழக்கிழமை மத்தியானம் புதிய படம் தயாராகிவிட்டது. பழைய உடம்பு, புதிய தலை, புதிய நிற்கும் விதம். பிரிவுத் தலைவர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வரும். அதனால் அவருக்கு 'அந்துருண்டை' என்றுதான் அந்தக் கட்டடத்தில் பெயர். லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"தலையை மாத்தியிருக்கே."

"ஆமா சார். மாதிரியோட கழுத்துல பசை இருக்கு. அது வேற பூச்சித் தலை."

லென்ஸ் படத்திலிருந்து அவள் முகத்துக்கு ஏறியது. உள்ளே பூதாகரமாக ஒரு கண்.

"யாரு சொன்னா?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. நல்ல மதிப்பெண் வாங்கியபோது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். இந்த வேலை கிடைத்தபோது யார் சொல்லி வந்தது என்று கேட்டார்கள். அவளைப் போன்றவள் தானாக எதையும் பார்த்துவிட முடியாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அத்தனை வருடக் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. படத்தின் கீழே வரப்போகும் பொடி எழுத்து கண்முன் வந்தது. அப்பாவின் விரல் வந்தது.

"யாரும் சொல்லல சார். நானே பார்த்தேன்."

"ம்" என்றார் அவர்.

ஜன்னல் பக்கம் கிறீச் என்று டேப் கிழியும் சத்தம். அவள் திரும்பினாள். நாளைய புகைக்காக ஜன்னல் இடுக்குகளை ஒட்டிக்கொண்டு நின்றான் அவன். முகமூடி போட்டிருந்தான். வட்டக் கண்ணாடிகள் அவள் பக்கம் திரும்பின. உள்ளே இருந்த கண்கள் இமைக்கவில்லை. பிறகு அவன் மறுபடி சுவர் பக்கம் திரும்பி, மிச்ச டேப்பையும் நேராக, சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு, வெளியே போனான்.

சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள். "என்னடி பாப்பா, பூச்சிக்குத் தலை ஒட்டியாச்சா?"

"ஆச்சும்மா."

"செத்ததுக்குத் தலை இருந்தா என்ன, வால் இருந்தா என்ன. உங்கப்பா கேக்கறாரு, பேரு கண்டிப்பா வருமான்னு."

"வரும்மா" என்றாள். அவளுக்கு அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. குட்டைத் தலையோடு அந்த மாதிரிப் பூச்சி நினைவுக்கு வந்தது. தன்னுடையதல்லாத ஒன்றைத் தோள்மேல் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் நிற்பது... அது எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

வெள்ளிக்கிழமை கட்டடத்தின் வாசலில் மண்டையோடு போட்ட பலகை. எல்லா ஜன்னலிலும் டேப். யாரும் வரத் தேவையில்லை என்று சொல்லியிருந்தும் காலை பத்து மணிக்கு மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். திரையில் அந்தப் பூச்சி இருந்தது. நேற்றுவரை இருந்தது. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் சக்கரம் ஒவ்வொரு பல்லாக எழுந்து நெஞ்சைக் குத்தியது.

எதிர்ப்பக்கக் கூரையின் கீழே, குடையை மடித்துப் பிடித்தபடி, அந்துருண்டை நின்றிருந்தார். அவருக்கும் வரத் தேவையில்லைதான்.

"சார். நேத்து பொய் சொன்னேன்."

"தெரியும்மா."

"எப்படி?"

"நுண்ணோக்கியில பார்த்தா பசை தெரியும். சரியான தலை எப்படி இருக்கும்னு தெரியாது. உன் படத்துல சரியான தலை இருக்கு. உயிரோட பார்த்தவங்க யாரோ காட்டியிருக்கணும்."

"பொறி பார்க்க வர்றவர் சார். அவர் பேரைப் போடணும். என் பேரை எடுத்துட்டாலும் சரி."

அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டினது நான்தான்" என்றார் திடீரென்று. "வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாள் கீழ போட்டுட்டேன். தலை உருண்டு எங்கயோ போயிடுச்சு. ரெண்டு மணி நேரம் தரையில தவழ்ந்து தேடினேன். கிடைக்கல. வேலை போயிடுமேன்னு பக்கத்து இழுப்பறையில இருந்து ஒண்ணு... யாராவது கேப்பாங்கன்னு தினமும் பயந்தேன். அப்புறம் யாராவது கேக்கமாட்டாங்களான்னு பார்த்தேன்." குடையை விரித்தார். "ரெண்டு பேரோட பேரும் வரட்டும். எது மேல, எது கீழங்கிறதை நீ அச்சகத்துல சண்டை போட்டுக்கோ. அந்தத் தலை இன்னும் அந்த அறைக்குள்ளதான் இருக்கு, தெரியுமா. வெளியே போக வழியே இல்ல."

அவர் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் புகை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சாம்பல் உருவம் நடந்தது. ஒவ்வொரு காலாகத் தூக்கி, யோசித்து, வைத்து... இழுப்பறைகளுக்கு நடுவே குனிந்து எதையோ பற்றவைத்து, நிமிர்ந்து, மறுபடி நடந்தது. அந்தக் கண்ணாடிக் கண்கள் ஒரு முறை அவள் பக்கம் திரும்பி நின்றன. உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. பயமா, வேறொன்றா... அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கதவு கொஞ்சமாகத் திறந்து மூடியது. புகை ஒரு கீற்று வெளியே வந்தது. பின்னாலேயே அவன். முகமூடியைக் கழற்றாமல் ஒரு கண்ணாடிச் சீசாவை நீட்டினான். உள்ளே ஒன்பது பல்லோடு சக்கரம்.

"இதை எங்கயாவது செடியில விட்டுடுங்க. எனக்கு உள்ள இன்னும் மூணு டப்பா இருக்கு."

"அவர்கிட்டச் சொல்லிட்டேன்."

"எதை?"

"நீங்கதான் காட்டினீங்கன்னு."

"நான் கேக்கலையே."

"கேக்காததுதான் எனக்குக் கோவம்." மழையைவிடச் சத்தமாகப் பேசினாள். "ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நீங்க பாட்டுக்கு டேப்பை ஒட்டிட்டுப் போயிட்டீங்க. அப்படிப் பார்த்தீங்களே... அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கண்ணாடிகளில் மழைத்துளி வழிந்தது. உள்ளே அந்தக் கண்கள் என்ன சொல்லின என்று தெரியவில்லை.

"நனையறீங்க. போங்க" என்றான். புகைக்குள் திரும்பிப் போய்விட்டான்.

வேலியோரச் செடியில் சீசாவைச் சாய்த்தாள். பூச்சி இலையில் ஏறியது. நீண்ட தலையைத் திருப்பி அவளை ஒரு முறை அளந்து பார்த்தது. பிறகு இலைக்கு அடியில் போய், இலையாகவே ஆகிவிட்டது.

திங்கட்கிழமை மழை இல்லை. அறையில் புகையின் கசப்பு மட்டும் மிச்சமிருந்தது. கம்பெனியின் வேலை முடிந்துவிட்டது என்றும், காலையிலேயே வந்து எல்லாப் பொறிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் காவலாளி சொன்னார். சரி, போகட்டும் என்றாள். போகட்டும் என்று மூன்று தரம் சொன்னாள். இழுப்பறை ஒன்றைத் திறந்தாள். அத்தனை கொம்புகளும் நடுங்கி அடங்கின. நாற்பதாயிரம் பேர் இருந்தும் அந்த அறை அன்றுதான் காலியாக இருந்தது.

பென்சில் உருண்டு மேசைக்கடியில் போனது. குனிந்தாள்.

பதினேழாம் எண் பொறி இருந்த இடத்திலேயே இருந்தது.

பசையில் வண்டு இல்லை. புதிய அட்டை. கோணல் எழுத்து, நீலப் பேனா.

'பொறி எண்: 17. சிக்கியது: புகை போட வந்தவன், ஒருவன். உயிரோடு. எடுத்த நடவடிக்கை:'

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்துக் கட்டமும் காலி.

பின்பக்கம் திருப்பினாள். இந்த முறை பூச்சி இல்லை. ஒரு கை. பென்சில் பிடித்த கை, நடுவிரலில் மைக்கறையோடு, நடுங்கிக்கொண்டே கோடு போடுகிற கை. தன் கையை இதுவரை அவள் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அட்டையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது கதவருகே குரல் கேட்டது.

"கம்பெனியில கணக்கு உதைக்குதுங்க. முப்பத்தொன்பதுதான் இருக்கு. ஒண்ணு குறையுதாம்."

முகமூடி இல்லை. கையில்கூட இல்லை. மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அவன் நின்ற விதத்தைப் பார்த்ததும், தோலுரித்த அன்று திரையில் தொங்கியதே... அந்தச் சிவப்பும் ஈரமும் நினைவுக்கு வந்தன.

"வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கீங்க."

"ஆமா."

"நான் பார்க்காம இருந்திருந்தா?"

"நீங்க பார்ப்பீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "யாரும் சொல்லாமலே."

அவள் கண்ணில் நீர் முட்டியது. கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை. பேனாவை எடுத்தாள்.

"நான் பொல்லாதவங்க. எனக்குக் கோவம் வரும். பொய்கூடச் சொல்வேன், அதான் பார்த்தீங்களே."

"பசியும் எடுக்கும்."

"அதுவும்தான்."

"அழுத்திப் பிடிச்சாத்தான் ஆபத்து" என்றான் அவன், தழும்பைத் தடவியபடி. "நான் அழுத்திப் பிடிக்கமாட்டேன். பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கேன். எத்தனை வருஷம் ஆனாலும்."

அவள் தலை குனிந்து எழுதினாள். 'எடுத்த நடவடிக்கை: விடுவிப்பதாக இல்லை.' அடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அச்சில் வரப்போவதைவிட நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

அட்டையை வாங்கிப் படித்தான். பிறகு பக்கத்தில் வந்து, தரையிலேயே, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

சுவரோரம் ஒரு தூசித் துணுக்கு எழுந்து நடந்தது.

"இதைக் கொல்லலையா நீங்க?"

"வண்டு திரும்ப வந்தா இதுதான் பிடிக்கும். காவலுக்கு இருக்கட்டும்னு வெளியே வச்சிருந்து கொண்டாந்து விட்டேன்."

அதன் முதுகில், தூசியோடு தூசியாக, நீளமாக, ஒடுங்கலாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது போலத் தெரிந்தது. இரண்டு புள்ளிக் கண்கள் வைத்த மாதிரி. அவள் உற்றுப் பார்க்கப் போனாள்... பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, மைக்கறை படிந்த கையை மெல்ல நகர்த்தினாள். அந்த ஒரு சாணும் இல்லாமல் போனது.